வீட்டுரிமையும் தரகர் தர்மமும்

சொந்த வீடு என்பது வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் கூரை மாத்திரமன்று. தந்தை பாடுபட்டு ஈட்டியதை மக்களுக்கு வைத்துப் போகும் பொக்கிஷம் அது. பிள்ளையின் படிப்புக்கும் தொழிலுக்கும் கடன் பெற உதவும் ஈடும் அதுவே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சாமானிய ஜனங்களின் செல்வத்தில் பெரும்பகுதி வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறது. அங்கே பள்ளிக்கூடங்களும் பெருமளவுக்கு அந்தந்த வட்டாரத்தின் வீட்டு வரியைக் கொண்டே நடைபெறுகின்றன. ஆகவே, ஒரு சமூகத்தார் வீடு வாங்கும் வழியை அடைத்தால், அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் வாழ்வையும் சேர்த்து அடைத்ததாகும். அந்நாட்டுக் கறுப்பர்களுக்கு அவ்வழி நெடுங்காலம் அடைபட்டிருந்தது. அடைத்தவர் யார், திறக்க முன்வந்தவர் யார் என்பதை நாம் ஆராய்வது அவசியம்.

அடைத்தவர்களின் முன்னணியில் நின்றவர்கள் வீட்டுத் தரகர்கள். வெள்ளைத் தரகர்களின் தேசிய சங்கம் 1924-ஆம் ஆண்டில் தன் ஒழுக்க விதிகளில் ஒரு விதியைச் சேர்த்தது. எந்த இனத்தார் குடிபுகுந்தால் ஒரு வட்டாரத்தின் வீட்டு மதிப்புக் குறையுமோ, அந்த இனத்தாரை அங்கே குடியேற்றத் தரகர் கருவியாய் இருத்தலாகாது என்பதே அது. அநீதிக்கு ஒழுக்கம் என்று பெயர் சூட்டிய விந்தையை என்னென்பது! இனத்தைக் குறிக்கும் அச்சொற்கள் 1950-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டன.

சர்க்காரும் இவ்வநீதிக்குத் துணை நின்றது. 1930-களில் சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று நகரங்களின் படங்களை வரைந்து, கறுப்பர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வர்ணம் தீட்டி, கடன் கொடுக்க அபாயமான இடங்கள் என்று குறித்தது. 1934-இல் ஏற்பட்ட வீட்டுக் கடன் நிர்வாகம் அத்தகைய பகுதிகளின் கடனுக்கு உறுதி அளிக்க மறுத்தது. பாங்கியில் கடன் கிடைக்காத சிக்காகோ நகரத்துக் கறுப்பர்கள் பலர் தவணை ஒப்பந்தத்தில் அதிக விலைக்கு வீடு வாங்கினர். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும்.

இனி, திறக்க முன்வந்தவர்களைப் பார்ப்போம். செயிண்ட் லூயிஸ் நகரில் 1945-ஆம் ஆண்டில் ஷெல்லி என்ற கறுப்பர் ஒரு வீடு வாங்கினார். அவருக்கு அதை வாங்கிக் கொடுத்தவர் ஜேம்ஸ் புஷ் என்னும் கறுப்புத் தரகர். அவ்வீதியின் வீடுகளில் கறுப்பரும் மங்கோலிய இனத்தாரும் குடியிருக்கலாகாது என்று 1911-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று விதித்திருந்தது. வெள்ளையர் வழக்குத் தொடுத்தனர். புஷ் பின்வாங்கவில்லை, தம் தொழிலில் உள்ள கறுப்பர்களைச் சங்கமாகச் சேர்த்து, வழக்குக்குப் பொருள் திரட்டினார். இத்தகைய நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் நிறைவேற்றி வைக்கலாகாது என்று 1948 மே 3-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இதற்கு முந்திய ஆண்டில், பிளாரிடாவிலுள்ள டாம்பா நகரில், கறுப்புத் தரகர் பன்னிருவர் தங்களுக்கென ஒரு தேசிய சங்கம் கண்டனர். குடியிருப்பில் ஜனநாயகம் என்பதே அவர்கள் மேற்கொண்ட கோஷம்.

மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11-ஆம் தேதி, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனபேதம் பாராட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்தது, சமத்துவம் வந்ததா? 1960-இல் நூறு வெள்ளைக் குடும்பங்களில் சுமார் 65-க்குச் சொந்த வீடு இருந்தது. கறுப்பரில் சுமார் 38-க்கே இருந்தது. 2022-இலோ வெள்ளையரில் சுமார் 72. கறுப்பரில் சுமார் 44. இரண்டு தலைமுறை கழிந்தும் இடைவெளி குறையவில்லை!

காரணம் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு தினசரி மூன்றாண்டு ஆராய்ந்து, 2019-இல் உண்மையை வெளியிட்டது. ஒத்த வருமானமுள்ள வெள்ளையரையும் பிற இனத்தாரையும் ஒரே தரகரிடம் தனித்தனியே அனுப்பிப் பார்த்தார்கள். கறுப்பர் சென்ற சோதனைகளில் 49 சதவிகிதத்தில் அவர்கள் பேதமாக நடத்தப்பட்டனர். இப்பொழுது எவரும் வாசற்கதவை அறைந்து சாத்துவதில்லை. புன்னகையுடன் வரவேற்று வேறு வட்டாரத்துக்கு வழிகாட்டி விடுகிறார்கள். வாங்க வந்தவர் தமக்கு எது மறைக்கப்பட்டது என்பதை எப்படி அறிவார்? அறியாதவர் எந்தக் கோர்ட்டில் முறையிடுவார்?

தரகர் வியாபாரிதானே, சமூகத் திருத்தம் அவர் வேலையா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நமது விடை இதுவே: யார் எங்கே குடியிருக்கலாம் என்று தீர்மானிக்கும் வேலையை 1924-இல் தாமே வலிய ஏற்றவர்கள் தரகர்கள். கட்டிய சுவரை இடிக்க மட்டும் அது எங்கள் தொழிலன்று என்று ஒதுங்குவது நேர்மையாகுமா? வெள்ளைத் தரகர்களின் அச்சங்கமே 2020-இல் தன் பழைய செய்கைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதனை வரவேற்கிறோம். ஆயினும் மன்னிப்பு ஒரு வார்த்தை. பரிகாரம் ஒரு செய்கை.

அச்செய்கை பெரிய வித்தையன்று. விற்பனைக்குள்ள வீடுகளை வருவோர் அனைவருக்கும் ஒளிக்காமல் காட்டுவது. முதன்முறை வாங்குவோர்க்குக் கடனின் நெளிவு சுளிவுகளை விளக்குவது. முன்பணத்துக்குக் கிடைக்கும் உதவியை எடுத்துச் சொல்வது. கறுப்பரின் வீட்டைக் குறைத்து மதிப்பிட்டால் அதை எதிர்த்து வாதாடுவது. ஜேம்ஸ் புஷ்ஷின் வழிவந்த தரகர்கள் இதைச் செய்து வருகின்றனர். மற்றவர்களும் செய்தால்தான் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டை விட்டு இறங்கி வீதிக்கு வரும். வீட்டின் திறவுகோலை ஒருவர் கையில் கொடுக்கும் தொழிலே தரகு. கொடுக்க வேண்டிய கை, ஆளைப் பார்த்து மடங்குமாயின், அந்நாட்டில் சுதந்திரம் வாசற்படியிலேயே நின்றுவிட்டதென்றே நாம் கொள்ள வேண்டும்.