விளக்கொளிச் செடிகளுக்கு ஏற்ற வேர் ஊடகம்

வீட்டினுள் எல்.இ.டி. விளக்கின் கீழ்க் கீரையும் நாற்றும் வளர்க்கும் முறை நகரங்களில் பரவி வருகிறது. இது நகரத்தாரின் பொழுதுபோக்கு என்று நம் விவசாயிகள் ஒதுக்கிவிடலாகாது. அச்செடிகள் வேரூன்றி நிற்பதற்கான மூலப்பொருள், பொள்ளாச்சி வட்டாரத்துக் கயிற்றுத் தொழிற்கூடங்களில் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவேயாகும். கட்டிகளாக அழுத்தப்பட்டு அது கடல் கடந்தும் செல்கிறது.

தோட்டத்து மண்ணையே தொட்டியில் நிரப்பினால் என்ன என்று கேட்கலாம். வயலில் நீர் கீழிறங்க ஆழமுண்டு; ஒரு சாண் தொட்டியில் அஃதில்லை. வெயிலும் காற்றும் புகாத அறையில் ஈரம் எளிதில் உலர்வதுமில்லை. ஆதலின் மண் இறுகி வேர் மூச்சுத்திணறி அழுகும். சிறு பூச்சிகளும் பெருகும். அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் எனப் பலர் நம்புகின்றனர். நாமும் அவ்வாறே நம்பியிருந்தோம். உண்மையில், மேலுள்ள நுண்ணிய ஊடகம் நன்றாக நிரம்பும் வரை நீரைக் கல்லுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. வேருக்குரிய இடம் குறைவதே மிச்சம்.

நார்க்கழிவோ தன் எடையைப்போல் பல மடங்கு நீரைத் தாங்கும். இடையே காற்றுக்கும் இடம் விடும். அதன் குறை உப்பு. உப்பங்கழியில் ஊறிய மட்டையாயின் உப்பு இன்னும் மிகும். நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவினால் கரையும் உப்பு நீங்கும். ஆயினும் துகளோடு ஒட்டிய சோடியமும் பொட்டாசியமும் எளிதில் போவதில்லை. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால் கால்சியம் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியேற்றும். பின்னர் மறுபடி கழுவுதல் வேண்டும். இதைச் செய்யாவிடின், செடிக்கு இடும் கால்சியத்தை ஊடகமே கவர்ந்துகொள்ள, இளந்தளிரின் நுனி கருகும்.

மூன்று பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு பெர்லைட் கலப்பது கீரைக்குப் பொருந்தும். பெர்லைட்டை நனைத்த பின்பே கையாளுக. அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது. நார்க்கழிவில் செடிக்கு உணவு அநேகமாக இல்லை. எனவே சிறிது மண்புழு உரம் சேர்க்கலாம், அல்லது நீரோடு சத்துக் கரைசல் ஊற்றலாம். மண்புழு உரத்தை அளவு மீறிச் சேர்த்தால் நீர் தேங்கும். ஈரக் கலவையை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள்: சில துளிகளே சிந்தினால் சரி, நீர் ஒழுகினால் பெர்லைட் இன்னும் வேண்டும். விற்குமுன் கொஞ்சம் முள்ளங்கி விதையை அதில் தூவி முளைப்பைப் பார்ப்பதும் நன்று. உப்பு மிகுந்திருப்பின் முளை குன்றும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கழுவிய நீர் தேநீர் நிறத்தில், உப்போடு வெளிவரும். அதைத் தரையில் விட்டால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் கெடும். கழுவும் களத்துக்கு அனுமதி கேட்டு வருவோரிடம், கசியாத தொட்டி எங்கே கட்டப்போகிறீர்கள் என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும். கடைசிக் கழுவலின் நீரை அதில் சேமித்தால், அடுத்த குவியலின் முதற்கழுவலுக்கு அதுவே உதவும்.