நிலம் யார் பேரில் இருக்கு? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்க!



போன மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். ஊருக்குப் பக்கத்தில் 25 சென்ட் புஞ்சை விலைக்கு வருது. விற்கிறவர் தெரிந்தவர்தான். "எங்க தாத்தா சொத்து, எனக்கு வந்தது" என்கிறார். குழுவில் கடன் எடுத்து 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுக்கணும். "கொடுக்கலாமா அக்கா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்தவர்கள், "பட்டா பார்த்தியா? ஈ.சி. போட்டியா?" என்று கேட்டார்கள். "அதெல்லாம் அவர்கிட்ட இருக்கும்ல" என்றார். அங்கேதான் நாம எல்லோரும் தவறு செய்கிறோம். நிலம் யாருடையது என்று விற்கிறவர் வாயால் சொல்வது போதாது. நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பெரிய செலவும் இல்லை. பத்தாவது படித்த மகளோ மருமகளோ கூட இருந்தால் போனிலேயே முக்கால் வேலை முடிந்துவிடும்.

முதலில் சர்வே எண்

"புளியமரத்து வயல்", "மேட்டுக்காடு" என்று நாம் சொல்வது ஊருக்குள் மட்டும்தான் செல்லும். அரசாங்கக் கணக்கில் நிலத்துக்குப் பெயர் சர்வே எண்தான். அதை இரண்டு பாகமாக எழுதுவார்கள். 112/3 என்றால் 112 புல எண், 3 உட்பிரிவு. உட்பிரிவு மாறினால் ஆளும் மாறிவிடும், கவனம்!

பழைய பத்திரத்தில் வேறு எண் இருந்தால் பயப்பட வேண்டாம். 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யூ.டி.ஆர். என்பார்கள்) பல ஊர்களில் எண் மாறியது. பழைய எண்ணுக்குப் புது எண் என்ன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) உள்ள 'அ' பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

வருவாய்த் துறையில் என்ன பார்க்கணும்?

1. பட்டா: நிலம் யார் பெயரில் கணக்கில் இருக்கிறது, எவ்வளவு பரப்பு, தீர்வை எவ்வளவு என்று சொல்லும். முன்பு பட்டா தனி, சிட்டா தனி. இப்போது இரண்டும் ஒரே தாளாக வருகிறது. தமிழக அரசின் நிலப்பதிவு மின்சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் காசில்லாமல் பார்க்கலாம். போன் வசதி இல்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போங்க.

2. 'அ' பதிவேடு: நிலம் தனியார் நிலமா, அரசுப் புறம்போக்கா என்பது இதில் தெரியும். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கை "எங்க அனுபவம்" என்று விற்கிறவர்கள் உண்டு. அனுபவத்தை வாங்கி ஏமாறாதீங்க.

3. புலப்படம்: நிலத்தின் வரைபடம். நான்கு பக்க அளவும் இதில் இருக்கும். படத்தோடு நேரில் போய் நின்று பாருங்க. வழி இருக்கா, வரப்பு சரியா என்று புரியும்.

4. அடங்கல்: ஒவ்வொரு பசலி ஆண்டும் அந்த நிலத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்று வி.ஏ.ஓ. எழுதும் கணக்கு. நிலத்தில் குத்தகைதாரர் இருக்கிறாரா என்று இங்கே தெரியவரும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் என்பது ஏறக்குறைய இரண்டரை சென்ட் (2.47). 20.25 ஏர் என்றால் 50 சென்ட். 25 சென்ட் வாங்குகிறவர் பட்டாவில் சுமார் 10 ஏர் இருக்கிறதா என்று பார்க்கணும்.

பட்டா இருந்தால் போதுமா?

போதாது. இதுதான் முக்கியம். பட்டா என்பது வருவாய்க் கணக்கு. சொந்தம் எப்படி வந்தது என்பதைப் பத்திரம்தான் சொல்லும். அதனால் பதிவுத் துறையிலும் பார்க்கணும்.

வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி. அந்த சர்வே எண்ணில் பதிவான கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை எல்லாம் தேதி வாரியாக இதில் வரும். எழுதிக் கொடுத்தவர் யார், எழுதி வாங்கியவர் யார் என்றும் இருக்கும். பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். குறைந்தது 30 வருஷத்துக்குப் பாருங்க.

ஆனால் ஈ.சி.யில் வராத விஷயங்களும் உண்டு. பதிவு செய்யாத உயில், வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினை, ஆள் இறந்ததால் வந்த வாரிசு உரிமை இதெல்லாம் அதில் இருக்காது. "வில்லங்கம் இல்லை" என்று வந்தாலும் ஊரில் நாலு பேரைக் கேட்கத்தான் வேணும்.

அந்த 25 சென்ட் கதை என்ன ஆச்சு?

கூட்டம் முடிந்த கையோடு சர்வே எண்ணை வாங்கி, உறுப்பினரின் மகளே போனில் போட்டுப் பார்த்தாள். பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில்! தாத்தாவுக்கு இரண்டு மகன், இரண்டு மகள். ஈ.சி.யில் பாகப்பிரிவினையும் இல்லை, விடுதலைப் பத்திரமும் இல்லை. அப்படியென்றால் விற்கிறவர் ஒரு பங்குக்காரர்தான், முழுச் சொந்தக்காரர் இல்லை. அத்தைமார் இருவரும் கையெழுத்துப் போடாமல் வாங்கியிருந்தால், நாளைக்கு அவர்கள் வழக்குப் போட முடியும். கடன் தவணையும் கட்டணும், கோர்ட்டுக்கும் அலையணும். 20,000 ரூபாய் பெட்டியிலேயே இருக்கிறது. எல்லா வாரிசுகளும் சேர்ந்து வந்தால் பேசலாம் என்று சொல்லிவிட்டார்.

நம் பங்கையும் பார்ப்போமா?

சகோதரிகளே, அந்த அத்தைமார் இடத்தில் நாமும் இருக்கலாம். 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தப்படி, பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசு சட்டம் வேறு.

கணவர் இறந்த பிறகு பட்டா அவர் பேரிலேயே கிடக்கிறதா? மாமனார் பேரிலேயே இருக்கிறதா? வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் மனுக் கொடுங்க. வருஷா வருஷம் வட்ட அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியிலும் மனுக் கொடுக்கலாம். மனு எண்ணைக் குறித்து வையுங்க. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேட்க நமக்கு உரிமை இருக்கு.

பணம் கொடுக்கும் முன் ஐந்து கேள்வி

* பட்டாவில் இருக்கிற பேரும் விற்கிறவர் பேரும் ஒன்றா?
* மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்த்தோமா? ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் எங்கே அடமானத்தில் இருக்கிறது என்று கேட்டோமா?
* 30 வருஷ ஈ.சி. பார்த்தோமா?
* கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளும் சம்மதமா? பெண் வாரிசுகள் உட்பட?
* பஞ்சமி நிலம், கோயில் நிலம், அரசு நிபந்தனையோடு கொடுத்த ஒப்படை நிலம் இல்லையே?

கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று கூச்சப்படாதீங்க. சரியாக வைத்திருக்கிறவர் தாளை எடுத்துக் காட்டுவார். இழுத்தடிக்கிறவரிடம் நாம் பணத்தை எடுக்க வேண்டாம். பெரிய தொகை என்றால் ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டிவிடுவது நல்லது.

இந்த மாதக் கூட்டத்துக்கு ஒரு வேலை: ஒவ்வொருவரும் தன் வீடு, நிலத்தின் சர்வே எண்ணை எழுதிக்கொண்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து யார் பேரில் இருக்கிறது என்று பார்ப்போம். பாதிப் பேருக்காவது ஆச்சரியம் காத்திருக்கும்!