எட்டு ஜி.பி. வாங்கினோம், மீதி எங்கே போச்சு?

மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை



லேப்டாப் வாங்கிய அன்றைக்கே நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்கிற முதல் வேலை, செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அப்புறம் 'அபௌட்' என்று போய்ப் பார்ப்பதுதான். அட்டைப் பெட்டியில் 8 ஜி.பி. ரேம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். திரையிலோ 8.00 ஜி.பி. என்று காட்டிவிட்டு, பக்கத்திலேயே பயன்படுத்தக் கூடியது 5.9 ஜி.பி. என்று இருக்கும். அவ்வளவுதான், வயிற்றில் புளியைக் கரைக்கும். "கடைக்காரன் ஏமாத்திட்டான்டா!" என்று ஹாஸ்டல் முழுக்க ஒரே பேச்சாகிவிடும்.

நம்மில் பல பேர் வீட்டில் லேப்டாப் சும்மா வந்துவிடவில்லை. அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தோ, அப்பா சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்தோ வாங்கித் தந்தது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான். "காசு முழுசாத்தானே கொடுத்தோம், அப்புறம் ஏன் குறையுது?" என்று அப்பா கேட்டால், அவருக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். உங்களுக்கும் அதே நிலைதான் இருக்கும். ஆகவே இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

அது ஹார்டு டிஸ்க் கணக்கு!

"1024 கணக்குடா, அதனாலதான் குறையுது" என்று சீனியர்கள் சொல்வார்கள். அது ஹார்டு டிஸ்குக்கும் எஸ்.எஸ்.டி.க்கும்தான் பொருந்தும். தயாரிக்கும் கம்பெனி ஒரு ஜி.பி. என்றால் 100 கோடி பைட் என்கிறது. விண்டோஸோ 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டை ஒரு ஜி.பி. என்று எண்ணுகிறது. அதனால்தான் 512 ஜி.பி. டிஸ்க் சுமார் 476 என்று தெரிகிறது. ரேமில் இந்தச் சிக்கலே கிடையாது. 8 ஜி.பி. ரேம் என்றால் சரியாக 8192 எம்.பி. ரேம் விற்பவரும் விண்டோஸும் ஒரே படியால்தான் அளக்கிறார்கள். அப்படியானால் குறைகிற 2 ஜி.பி. எங்கே?

பூட்டி வைத்த அறை

எட்டு அறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுக்கிறோம். வீட்டுக்காரர் இரண்டு அறையில் தன் சாமானைப் போட்டுப் பூட்டிவிட்டுச் சாவி தருகிறார். அறை எட்டுதான், நாம் புழங்குவது ஆறு. லேப்டாப்பிலும் இதே கதைதான்.

குறைந்த விலை லேப்டாப்புகளில் பெரும்பாலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்காது. படம் வரைகிற பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கும். அதற்கென்று சொந்த மெமரி கிடையாது. நம்முடைய ரேமில்தான் பங்கு கேட்கும். 1920க்கு 1080 புள்ளி உள்ள திரையில், ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால், ஒரே ஒரு முழுப் படத்துக்குச் சுமார் 8 எம்.பி. வேண்டும். விளையாட்டு, வீடியோ, முப்பரிமாண வரைபடம் என்று போனால் தேவை பல மடங்கு ஏறும்.

ஆகவே ஸ்விட்ச் போட்டதும், விண்டோஸ் கண் விழிக்கும் முன்பே, பயாஸ் ஒரு பங்கை கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கிவிடுகிறது. ஏ.எம்.டி. பிராசஸர் உள்ள பல மாடல்களில் இது 512 எம்.பி. முதல் 2 ஜி.பி. வரை இருக்கும். இன்டெல் கிராஃபிக்ஸ் முதலில் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, மீதியைத் தேவைப்படும்போது கடன் வாங்கும். அதனால்தான் ஒருவன் லேப்டாப்பில் 5.9, பக்கத்து பெஞ்ச் நண்பனுடையதில் 7.8. இரண்டுமே 8 ஜி.பி.தான், யாரும் ஏமாறவில்லை.

கதவு எண் தீர்ந்த தெரு

பழைய லேப்டாப் வாங்கியவர்களுக்கு இன்னொரு கதை. 4 ஜி.பி. போட்டிருந்தும் மூன்றேகால், மூன்றரை என்றுதான் காட்டும். காரணம் 32 பிட் விண்டோஸ். 32 பிட்டால் எழுதக்கூடிய முகவரிகள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதாவது மிகச் சரியாக 4 ஜி.பி. ஆனால் அந்த எண்கள் ரேமுக்கு மட்டும் அல்ல. கிராஃபிக்ஸ், நெட்வொர்க் போன்ற பாகங்களுக்கும் அதே தெருவில்தான் கதவு எண் தரவேண்டும். போஸ்ட் ஆபீசுக்கும் ரேஷன் கடைக்கும் எண் கொடுத்த பிறகு, கடைசி வீடுகளுக்கு எண்ணே இல்லை என்றால் தபால்காரர் எப்படிப் போவார்? வீடு இருக்கும், தபால் வராது.

இது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 8088 பிராசஸருக்கு முகவரிக் கம்பிகள் 20; ஆக மொத்தம் 1024 கே.பி. அதில் புரோகிராம்களுக்கு 640. மிச்சம் 384 கே.பி. திரைக்கும் பயாஸுக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறகு 64 பிட் வந்து தெருவை நீட்டிவிட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் 32 பிட் வகையே கிடையாது.

நீங்களே சோதிக்கலாம்

ஒன்று: 'அபௌட்' பக்கத்தில் இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள். பொருத்தப்பட்டது 8 என்று இருந்து, பயன்படுத்தக் கூடியது மட்டும் கொஞ்சம் குறைந்தால் பெரும்பாலும் கவலை இல்லை.

இரண்டு: டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', 'மெமரி' என்று போங்கள். 'ஹார்ட்வேர் ரிசர்வ்ட்' என்ற இடத்தில் இருப்பதுதான் பூட்டிய அறையின் அளவு.

மூன்று: அந்த அளவு 3, 4 ஜி.பி. என்று அநியாயமாக இருந்தால், 'எம்.எஸ்.கான்ஃபிக்' திறந்து, 'பூட்' பகுதியில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், 'மேக்ஸிமம் மெமரி' கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில மாடல்களில் கிராஃபிக்ஸ் பங்கை பயாஸிலேயே குறைக்கவும் முடியும்.

நான்கு: இரண்டு ரேம் போட்டும் ஒன்றின் அளவுதான் தெரிகிறது என்றால், ஒன்று சரியாக உட்காரவில்லை, அல்லது ஸ்லாட்டோ ரேமோ பழுது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் துடையுங்கள். 'டிக்' என்று பூட்டும் வரை திரும்ப அழுத்துங்கள். போர்டிலேயே ரேமைப் பற்றவைத்த மாடல்களும் உண்டு. அதில் கை வைக்காதீர்கள்.

பணம் கொடுக்கும் முன்

"ரேம் குறையுது தம்பி, ஃபார்மேட் அடிச்சாத்தான் சரியாகும்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். கிராஃபிக்ஸுக்குப் பூட்டிய அறை ஃபார்மேட் அடித்தால் திறக்காது. இன்னொரு 8 ஜி.பி. வாங்கிப் போட்டாலும் சில மாடல்களில் 16க்குப் பதில் 14க்குக் கிட்டத்தான் காட்டும். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் மனக்கஷ்டம் இல்லை.

அதே சமயம், பொருத்தப்பட்டது என்ற எண்ணே பில்லில் உள்ளதைவிடக் குறைவாக இருந்து, ரேமைக் கழற்றி மாட்டிய பிறகும் மாறவில்லை என்றால், தயங்காமல் பில்லோடு கடைக்குப் போங்கள். அங்கே கேட்பது நம் உரிமை. பயன்படுத்தக் கூடியது மட்டும் குறைந்ததற்குக் கடைக்காரரோடு சண்டை போடுவது வீண். எந்த எண் குறைகிறது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தால் போதும். வீட்டில் கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு வீணாகாது!