கடல் கடந்த கல்வி

படப்பையிலிருந்து முடிச்சூர் வழியாகத் தாம்பரம் வந்து, சென்னைக் கடற்கரை செல்லும் மின்தொடர்வண்டியில் ஏறும் மாணவர், அடுத்த நிறுத்தத்தில் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் பெயர்ப்பலகையைக் காண்பார். சானடோரியம் என்பது காசநோயாளர் தங்கிச் சிகிச்சை பெறும் நலம்பேணகம். இங்கிலாந்தில் மென்டிப் குன்றுகளில் இத்தகைய நலம்பேணகம் ஒன்றை நடத்திவந்த தமிழ் மருத்துவர் சௌரிமுத்து, தாயகம் திரும்பி 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் அதனையொத்த ஒன்றை நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. இன்று அஃது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. மென்டிப் நலம்பேணகத்தில் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் ஒருவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். கடல் கடந்து பயிலச் செல்வோர் எதிர்கொள்ளும் இடர்களை அறிய இராமானுஜனின் ஐந்து ஆண்டுகளைவிட நல்ல சான்று தமிழ்நாட்டில் இல்லை எனலாம்.

1914 மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பலில் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். கடல் கடத்தல் குலவழக்குக்கு மாறானது எனக் கருதப்பட்ட காலம் அது. புறப்படுமுன் குடுமி களையப்பட்டது. வேட்டிக்கு மாற்றாகக் கால்சட்டையும், பழகாத காலணியும் வந்தன. அக்கோலத்தைக் காணவேண்டா எனத் தாயையும் மனைவியையும் முன்னரே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். பணத்தைப் பொறுத்தவரை அவருக்குக் கவலை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. பின்னர் டிரினிட்டி கல்லூரியும் 60 பவுன் சேர்த்தளித்தது. வழிகாட்டியாக வாய்த்த ஹார்டியோ, உலகின் முதல்வரிசைக் கணித அறிஞர். இத்தனை நலங்கள் ஒருங்கே அமைந்தும் அவர்தம் உடல்நலம் மூன்றாண்டுகளில் சீர்குலைந்தது ஏன் என்பதே ஆராயத்தக்கது.

குளிர் முதற் காரணம். அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பயின்ற பி.சி. மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளார். இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று இராமானுஜனிடம் அவர் வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்திக்கொண்டு உறங்கினும் நடுக்கம் தீரவில்லை என்று விடை வந்தது. ஐயுற்ற மகலனோபிஸ் படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. ஆனால், அவை மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. இராமானுஜன் அவ்விரிப்பின்மேல் படுத்து உறங்கிவந்தார்! கம்பளிகளை விலக்கி அவற்றின் உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை மகலனோபிஸ் செய்து காட்டினார். எண்களின் பண்புகளை உலகமே வியக்கும் வண்ணம் கண்டறிந்தவருக்குப் படுக்கையைப் பயன்படுத்தும் முறையை எவரும் சொல்லித்தரவில்லை. அந்நாட்டவர்க்கு அது சொல்லித்தரவேண்டிய ஒன்றாகத் தோன்றவில்லை; அவர்க்கோ கேட்கவேண்டிய ஒன்று எனத் தெரியவில்லை. அயல்நாட்டில் பயில்வோர் படும் துன்பங்களில் பெரும்பகுதி இவ்வகையினவே.

உணவு அடுத்தது. மரக்கறி உணவில் உறுதிகொண்ட இராமானுஜன், கல்லூரி உணவுக்கூடத்தைத் தவிர்த்துத் தம் அறையிலேயே சமைத்து உண்டார். கணக்கில் மூழ்கிய நாள்களில் சமையல் தள்ளிப்போயிற்று. உண்ணும் வேளையும் தவறியது. கல்லூரியில் உடனிருந்து உண்பதே நட்பு வளரும் வழி என்பதால், தனிச்சமையல் தனிமையையும் உடன் வளர்த்தது. 1914இல் மூண்ட உலகப்போர் இத்தொல்லைகளைப் பன்மடங்காக்கியது. காய்கனிகள் அரிதாயின, கடற்பயணம் ஆபத்தாயிற்று. கல்லூரி முற்றம் காயமுற்ற படைவீரர்க்கு மருத்துவமனையாயிற்று. லிட்டில்வுட் போன்ற கணித அறிஞர்கள் போர்ப்பணிக்குச் சென்றனர். வீட்டிலிருந்தும் ஆறுதல் இல்லை. மனைவி ஜானகி எழுதிய மடல்கள் குடும்பப் பூசலால் அவர் கைக்குச் சேராமல் தடுக்கப்பட்டன.

1917இல் அவர் நோயுற்றார். மருத்துவர்கள் காசநோய் என்றே பெரிதும் கருதினர். சாளரங்களைத் திறந்துவைத்து நோயாளியைத் தூய குளிர்காற்றில் கிடத்துவது அக்காலச் சிகிச்சை முறை. குளிரால் வாடிய ஒருவருக்கு அது எத்தகைய மருந்தாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நலம்பேணகத்தில் குளியலறை மட்டுமே வெதுவெதுப்பாக இருப்பதால், நாள்தோறும் தாளும் எழுதுகோலுமாக அங்குச் சென்று அமரப்போவதாக அவர் ஹார்டிக்கு எழுதினார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினராகவும் டிரினிட்டியின் ஆய்வறிஞராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும் உடல் தேறவில்லை. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். அவருக்கு வந்தது காசநோயன்று, முன்னர் இந்தியாவில் உற்ற சீதபேதியின் தொடர்ச்சியாகக் கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய் எனப் பிரித்தானிய மருத்துவர் யங் 1994இல் கருத்துரைத்தார். அஃது உண்மையாயின், அன்றே சிகிச்சை இருந்த நோய் அது. ஆதலால், முன்பு உற்ற நோய்கள், உட்கொண்ட மருந்துகள், இட்ட தடுப்பூசிகள் ஆகியவற்றின் குறிப்பைக் கடவுச்சீட்டோடு சேர்த்து எடுத்துச்செல்வது இன்றைய மாணவர்க்கும் பயன்தரும்.

இன்று குளிரும் தனிமையும் ஓரளவு குறைந்துள்ளன. திறன்பேசியில் தாயின் முகத்தை நாள்தோறும் காணலாம். புளியும் சாம்பார்ப் பொடியும் பல மேலைநகரங்களில் கிடைக்கின்றன. இராமானுஜனுக்கு இல்லாத பணக்கவலைதான் இப்போது முன்னிற்கிறது. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டணம் இல்லை என்பது உண்மையே. எனினும், மாணவ நுழைவிசைவு பெற, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே செலுத்திக் காட்டவேண்டும் என்பது 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதி. அப்போதைய மதிப்பில் இஃது ஏறத்தாழ 11 இலட்சம் ரூபாய். அத்தொகை மாதந்தோறும் பகுதி பகுதியாகவே மாணவர் கைக்கு வரும். பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணிநேரமே பகுதிநேர வேலை செய்யலாம். மீறினால் நுழைவிசைவே பறிபோகக்கூடும். பகுதிநேர வருவாயால் கல்விக்கடனை அடைத்துவிடலாம் என்று எவரேனும் உறுதியளித்தால், அவ்வுறுதியை இவ்விதியோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். வீட்டை அடகுவைத்தவர் பெற்றோராதலின், கணக்குத் தவறினால் இழப்பு மாணவரோடு நிற்பதில்லை.

பட்டத்தின் செல்லுபடி இதனினும் நுட்பமானது. மருத்துவம் பயில அயல்நாடு செல்வோர் நீட் தேர்வில் தகுதி பெற்றிருத்தல் வேண்டும். திரும்பியபின் அயல்நாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கு 150 பெறவேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் கொண்டதாகவும், ஆங்கிலவழியிலும், ஒரே நிறுவனத்திலும் அமையவேண்டும். அதன்பின் அங்கு ஓராண்டும் இங்கு ஓராண்டும் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றவேண்டும். இவ்விதிகளின் கடுமை 2022 பிப்ரவரி 24இல் உக்ரைன் போர் மூண்டபோது வெளிப்பட்டது. ஏறத்தாழ 22,500 இந்தியர் தாயகம் திரும்பினர், அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவ மாணவர், தமிழ்நாட்டவரும் பலர். உயிர் பிழைத்தது பெரிது. ஆயினும், ஒரே நிறுவனத்தில் பயிலவேண்டும் என்னும் விதியால், பாதியில் நின்ற படிப்பை வேறிடத்தில் தொடர முடியுமா என்னும் கேள்வி எழுந்தது. செப்டம்பரில், பிறநாட்டுக் கல்லூரிகளில் இடைக்காலமாகப் பயில ஆணையம் இசைவளித்தது. அதுவரையான மாதங்களைக் கடனுக்கான வட்டியை எண்ணிக்கொண்டே அக்குடும்பங்கள் கழித்தன. முகவரின் விளம்பரத்தாளில் இவ்விதிகள் அச்சிடப்படுவதில்லை. ஆணையத்தின் வலைத்தளத்தில் மாணவரே படித்துத் தெளிதல் வேண்டும்.

வகுப்பறையின் நடைமுறையும் வேறுபடும். ஆசிரியரை எதிர்த்து வினவுதல் இங்கு அடக்கமின்மை எனச் சிலரால் கருதப்படுகிறது. அங்கு வினவாமை அக்கறையின்மை எனக் கொள்ளப்படும். பிறர் எழுதியதை மேற்கோள் காட்டாது எடுத்தெழுதினால் படிப்பையே இழக்க நேரிடலாம். ஹார்டிக்கும் இராமானுஜனுக்கும் இடையே கூட இத்தகைய வேறுபாடு இருந்தது. முடிவுகளை உள்ளுணர்வால் கண்ட இராமானுஜனிடம், ஒவ்வொரு படியையும் மெய்ப்பிக்குமாறு ஹார்டி வற்புறுத்தினார்.

உதவி பெறும் வாயில்களும் உள்ளன. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்க்கு அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வி உதவித்திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. அயலகத் தமிழர்க்கெனத் தனி ஆணையரகமும் இயங்குகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் முறையீடு செய்யலாம். சென்றடைந்தவுடன் இந்தியத் தூதரகத்தில் முகவரியைப் பதிவுசெய்தல் சில நிமிடப் பணியே; உக்ரைன் போன்ற நெருக்கடியில் மாணவரைத் தேடிக் கண்டடைய உதவுவது அப்பதிவுதான்.

தாம்பரம் முதல் காட்டாங்குளத்தூர் வரையுள்ள பகுதியும் அயல்நாட்டு மாணவர்க்குக் கல்விக்களமாக உள்ளது. 180 நாள்களுக்கு மேற்பட்ட மாணவ நுழைவிசைவில் வருவோர் 14 நாள்களுக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவுசெய்யவேண்டும். அவர்க்கு இடமளிக்கும் வீட்டு உரிமையாளர் 24 மணிநேரத்துக்குள் அதற்குரிய படிவத்தை நிரப்பி அனுப்பவேண்டும். இதனைத் தொல்லையாகக் கருதியோ, தோற்றத்தைக் கண்டு தயங்கியோ வீடு மறுப்போர் உளர். மறுக்கப்பட்டவர் அதன் காரணத்தை அறியாமலே அடுத்த தெருவில் கேட்டுப் பார்க்கிறார். வீடு கிடைத்தபின்னும் குடிநீர்க் குடுவைக்கு எவரிடம் சொல்வது, மின்தடை எப்போது நீங்கும், சாம்பாரின் காரத்துக்கு எதனைச் சேர்ப்பது என்பன போன்ற ஐயங்கள் அவர்க்கு எஞ்சியுள்ளன. பக்கத்து வீட்டில் பதினோராம் வகுப்பு பயிலும் ஒருவருக்கு அவற்றின் விடைகளெல்லாம் தெரியும்.