களிம்பு ட்யூபுக்குள் ஒரு ஹார்மோன்

சேலம், நாமக்கல் சமவெளியில் வியர்வை வற்றாத தொழில்கள் அதிகம். கொதிக்கும் எஞ்சினை ஒட்டியே பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்கும், காற்றுப் புகாத தறிக்கூடத்தில் நிற்பவருக்கும் தொடையிடுக்கில் படர்தாமரை வருவது சகஜம். மருந்துக் கடையில் சொன்னால் சீட்டில்லாமலே ஒரு களிம்பு கொடுத்துவிடுகிறார்கள். இரண்டொரு நாளில் அரிப்பும் அடங்குகிறது. அதில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ கலந்திருந்தால், பூஞ்சைக்கு முன்னால் அடங்குவது உடலின் எதிர்ப்புதான்.

இவை அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசாலைப் போலவே வேலை செய்யும், வீரியம் கூட்டிய செயற்கை ஸ்டீராய்டுகள். இன்சுலின் செல்லின் வெளிப்புறத்தில் உள்ள ஏற்பியைப் பற்றி, அங்கிருந்தே செய்தி அனுப்பும். கொழுப்பில் கரையும் ஸ்டீராய்டோ சவ்வைக் கடந்து உள்ளே போகிறது. அங்கே காத்திருக்கும் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு இயங்க வேண்டும், எது ஓய வேண்டும் என்பதையே மாற்றுகிறது. அழற்சிச் சமிக்ஞைகள் அமுங்குவதால் சிவப்பும் அரிப்பும் குறைகின்றன. கூடவே கொலாஜன் உற்பத்தியும் குறைவதால் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழுகிறது. அந்தத் தழும்பு முழுதாக மறைவதில்லை. பூஞ்சை தன் வழக்கமான தோற்றம் மாறிப் பரவுகிறது. பெரிய பரப்பில் மாதக்கணக்கில் தடவினால் மருந்து இரத்தத்தில் கலந்து, உடல் தானாகக் கார்டிசால் சுரப்பதே மந்தமாகலாம். கறிக்கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று நம்மூரில் பலர் அஞ்சுகிறார்கள். அதன் வேக வளர்ச்சிக்குக் காரணம் இனத்தேர்வும் தீவனமும். அந்த அச்சத்தில் கொஞ்சமாவது இந்த ட்யூபின் மேல் இருக்க வேண்டும்.

டாக்டர்களே ஸ்டீராய்டு எழுதித் தருகிறார்களே என்று கேட்கலாம். தருகிறார்கள், தரவும் வேண்டும். கார்டிசோன் ஆய்வுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது காரணமில்லாமல் அல்ல. கடும் ஆஸ்துமாவிலும் சொரியாசிஸிலும் அதன் பயன் பெரிது. எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒருவர் பார்த்துச் சொல்வதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது இதைவிட நியாயமான மறுப்பு. ஆனால் முற்றிய படர்தாமரைக்கு மாதக்கணக்கில் மாத்திரை வாங்கும் செலவு அந்தக் கூலியைத் தாண்டிவிடும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் சிகிச்சை இலவசம்.

சட்டமும் நம் பக்கம்தான். 2018 மார்ச்சில் மேலும் 14 ஸ்டீராய்டு மருந்துகளின் மேற்பூச்சுகள் 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன; சீட்டில்லாமல் அவற்றை விற்பது கடைக்காரரின் குற்றம். பேட்ச் எண்ணோடு பில் கேட்டு வாங்குங்கள், அதுவே பிறகு சாட்சி. பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024, நுகர்வோர் உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். வாங்கிய மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. ஏற்கெனவே நெடுநாள் தடவிவருபவர்கள் பயந்துபோய்ச் சட்டென நிறுத்த வேண்டாம். அதே ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.