தோட்ட அருவிக்கு எந்த பம்ப்? எக்செல்லில் பார்க்கலாம்

பம்ப் பெட்டியில் மணிக்கு 6,000 லிட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். தண்ணீரை உயரே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு அது! உயரம் கூடக் கூட வரத்து குறையும். பெட்டியில் உள்ள அதிகபட்ச உயரத்தில் சொட்டுகூட வராது.

அருவி விளிம்பின் அகலத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்குச் சுமார் 150 லிட்டர் தேவை. என்னுடையது 20 செ.மீ., எனவே 3,000 லிட்டர். குளத்தின் நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரை 1.2 மீட்டர், குழாய் உராய்வுக்காக 0.3 சேர்த்தேன்.

எக்செல்லில் ஏ1 செல்லில் 6000, ஏ2-வில் பம்ப்பின் அதிகபட்ச உயரம் 3, ஏ3-ல் நமது உயரம் 1.5 என டைப் செய்யுங்கள். ஏ3-ஐ ஏ2-ஆல் வகுத்து, அதை 1-லிருந்து கழித்து, ஏ1-ஆல் பெருக்கும் பார்முலாவை ஏ4-ல் கொடுங்கள். விடை 3,000. ஏ1-ல் 3000 என்று மாற்றினால் 1,500தான். அருவி கல்லில் ஒட்டி வடியும்.

இது தோராயம்தான். தயாரிப்பாளர் வரைபடம் தந்திருந்தால் நான் அதையே நம்புவேன். பொருத்தியபின் 20 லிட்டர் வாளியை விளிம்பில் பிடியுங்கள். 24 நொடிகளில் நிரம்பினால் கணக்கு சரி.