உங்க ஊர் கணக்கு உங்களுக்குத் தெரியுமா?



"உங்க ஊருக்கு பஸ் வருதா?" என்று கேட்டால், பெரிய ஊர்க்காரர் "ஓ, வருதே" என்பார். அதே கிராமத்தைச் சேர்ந்த ஓடைக்கு அந்தப்பக்கத்துக் குடியிருப்புக்காரரைக் கேட்டுப் பாருங்கள். "எங்கேங்க வருது? பால் கேனைத் தலையில வச்சு மூணு கிலோமீட்டர் நடக்கிறோம்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். ஆனால் சர்க்கார் புத்தகத்தில் எது ஏறியிருக்கும்?

2011 சென்சஸ்படி நாட்டில் 121 கோடிப் பேர். அதில் 83 கோடிக்கு மேல் கிராமத்துக்காரர்கள். தலையை எண்ணுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மாவட்டத்துக்கு ஒரு கையேடு போட்டு, ஒவ்வொரு கிராமத்தின் விவரத்தையும் அதில் தருகிறார்கள். குடும்பம் எத்தனை, ஆண் பெண் எத்தனை, படித்தவர் எத்தனை, பயிர் செய்கிறவர் எத்தனை, விவசாயக் கூலிகள் எத்தனை என்று எல்லாம் அதில் உண்டு.

போக்குவரத்துக்கும் தனி இடம் உண்டு. அரசு பஸ், தனியார் பஸ், ரயில் நிலையம், ஆட்டோ, வேன், டிராக்டர், ஏன், மாட்டு வண்டி கூட விடுபடவில்லை. தார் ரோடா, கப்பி ரோடா, மண் பாதையா என்றும் இருக்கும். ஊரில் இல்லாத வசதி 5 கிலோமீட்டருக்குள் கிடைக்கிறதா, 5 முதல் 10-க்குள்ளா, அதற்கும் மேலா என்றும் குறித்திருப்பார்கள்.

இதில் ஒரு சங்கதியைக் கவனிக்கணும். இந்தக் கணக்கு வருவாய்க் கிராமத்துக்குத்தான். பெரிய ஊரில் பஸ் நின்றால், 'இந்தக் கிராமத்துக்கு பஸ் உண்டு' என்றே பதிவாகும். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியிருப்பு அதற்குள்ளே மறைந்துபோகும்.

அதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? 2000 டிசம்பர் 25-ல் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. அதில் பார்ப்பது வருவாய்க் கிராமத்தை அல்ல, தனிக் குடியிருப்பை. சமவெளியில் 500 பேர் இருக்கணும். மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 போதும். எல்லாக் காலத்துக்கும் உதவும் ரோடு அரை கிலோமீட்டருக்குள் இருக்கக்கூடாது. ஒன்றுக்கொன்று அரை கிலோமீட்டருக்குள் இருக்கிற குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணவும் இடம் கொடுத்தார்கள். ஒன்றில் 300 பேர், பக்கத்தில் 220 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே நின்றால் இரண்டுக்கும் ரோடு இல்லை. சேர்ந்தால் 520, தகுதி வந்துவிடும். 2024-ல் ஒப்புதலான நான்காம் கட்டத்திலும் சமவெளிக்கு 500 பேர்தான் அளவு. அதுவும் 2011 கணக்குப்படி.

ஆக, பத்துப் பேர் கணக்கில் விட்டுப்போனாலும் ரோடு நழுவிப்போகலாம். 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போய் அந்த இருபது நாளும் ஊர்ப்பக்கம் வராதவர்கள், போன இடத்துக் கணக்கில்தான் சேர்ந்தார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக அரசு அறிவித்திருக்கிறது. வெளியூர் போகிற குடும்பங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். கையேடு சென்சஸ் துறையின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. படித்த பிள்ளைகளை விட்டு உங்க ஊர் விவரத்தை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு தாளில் குடியிருப்புவாரியாக எழுதுங்கள். வீடு எத்தனை, ஆள் எத்தனை, தார் ரோடு எத்தனை தூரம், மழைக்காலத்தில் எத்தனை நாள் ஓடை மறிக்கிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் அதை வைத்து, தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

"ரோடு இல்லீங்க" என்று வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். "இத்தனை வீடு, இத்தனை பேர், இத்தனை கிலோமீட்டர்" என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு பதில் சொல்லியாகணும். பிரசவ வலி எடுத்த பெண்ணைக் கட்டிலில் வைத்து ஓடை தாண்டித் தூக்கிப்போகும் ஊருக்கு அந்தப் பதில் சீக்கிரம் வேண்டுமல்லவா?